அட்டை ஒன்று, புடவை நூறு

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறி வீட்டுக்குள் எட்டிப் பாருங்கள். தறியின் தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி. அதிலிருந்து துளை போட்ட அட்டைகள் சரம் சரமாகத் தொங்கும். ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. துளை உள்ள இடத்தில் பாவு நூல் எழும்பும். இல்லாத இடத்தில் சும்மா கிடக்கும். அன்னத்துக்குப் பதில் மயில் வேண்டுமா? பொருத்தமான வேறு சரத்தை மாட்டினால் போதும். தறியைப் பிரிக்க வேண்டியதில்லை.

"இதற்கும் வெப்சைட்டுக்கும் என்ன ஐயா சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். வெப்சைட்டிலும் விஷயம் வேறு, அலங்காரம் வேறு. எழுத்தின் நிறம், அளவு முதலியவற்றைத் தனிக் கோப்பில் எழுதி வைக்கலாம். அதுதான் ஸ்டைல்ஷீட். 1994-ல் ஹோக்கன் வியம் லீ என்ற நார்வேக்காரர் இந்த யோசனையைச் சொன்னார். 1996 டிசம்பரில் அதற்கு முதல் விதிமுறை வெளியாயிற்று.

காந்தி ரோடு பட்டுக்கடை ஒன்றுக்கு 200 புடவைகள், 200 பக்கங்கள் என்று வைத்துக் கொள்வோம். அவசரக்காரப் பையன் ஒவ்வொரு பக்கத்திலும் 'விலை அரக்கு நிறம்' என்று எழுதிவிட்டான். "எம்.எஸ். நீலத்திலே போடு, தம்பி!" என்கிறார் முதலாளி. தம்பி 200 பக்கம் திருத்த வேண்டும். நாலைந்து நிச்சயம் விட்டுப் போகும்! ஸ்டைல்ஷீட்டில் அந்த நிறத்துக்கு ஒரு பெயர் வைத்திருந்தால் ஒரு வரியோடு வேலை தீர்ந்திருக்கும்.

வேகத்துக்கு வருவோம். ஸ்டைல்ஷீட் வந்து சேரும்வரை கைப்பேசி பொதுவாகப் பக்கத்தைக் காட்டாது. வெறும் வெள்ளைத் திரைதான். ஒரு ஸ்டைல்ஷீட் இன்னொன்றைக் கூப்பிட, அது மூன்றாவதைக் கூப்பிட்டால், சிக்னல் மந்தமான ஊரில் முகூர்த்தப் புடவை தேடும் அம்மாள் வேறு கடைக்குப் போய்விடுவாள். ஆகவே கூப்பிடும் சங்கிலி வேண்டாம். ஒரு தடவை வந்த கோப்பைக் கைப்பேசி சேமித்து வைத்துக் கொள்ளும். அடுத்த புடவைக்கு அதை மறுபடி இறக்க வேண்டாம். பக்கத்துக்குள்ளேயே எழுதினாலோ, ஒவ்வொரு தடவையும் அதே சுமைதான்.

கோப்புக்குள்ளும் ஒழுங்கு வேண்டும். பொதுவான விதிகள் முதலில். பிறகு பக்க அமைப்பு. பிறகு விலைப்பட்டி, பொத்தான் முதலிய சில்லறைகள். சம பலமுள்ள இரண்டு விதிகள் மோதினால் பின்னால் வந்தது ஜெயிக்கும். கண்ட இடத்தில் எழுதினால் யார் ஜெயித்தார் என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. எது எதற்கு என்று குறிப்பும் எழுதுங்கள். குறிப்பில்லாத கோப்பில் என்றோ முடிந்த தீபாவளித் தள்ளுபடியின் அலங்காரம்கூட உட்கார்ந்திருக்கும்; அழிக்க யாருக்கும் தைரியம் வராது.

ஒரு விஷயம். நிறத்தை மாற்றினால் கோப்பின் பெயரிலும் ஓர் எண்ணை மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் பழைய வாடிக்கைக்காரரின் கைப்பேசி, சேமித்த கோப்பை வைத்துக் கொண்டு, சில நாட்களுக்கு அரக்கையே காட்டிக் கொண்டிருக்கும்.