பயிற்சி யாருக்கு? உதவித்தொகைத் தேர்வும் மாட்டுத்தாவணிப் பிள்ளைகளின் கணக்கும்

எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கான தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வின் முடிவுகள் வெளியாகும்போதெல்லாம், சில அரசுப் பள்ளிகள் நாளிதழ்களில் இடம்பெறுகின்றன. ஒரே பள்ளியிலிருந்து இத்தனை பேர் தேர்வு, தொடர்ந்து இத்தனையாவது ஆண்டாகச் சாதனை என்று செய்தி வருகிறது. அந்தப் பிள்ளைகளும் அவர்களுக்காக உழைத்த ஆசிரியர்களும் பாராட்டுக்குரியவர்கள். ஆனால் அச்செய்திகளில் ஒரு கேள்வி மட்டும் இடம்பெறுவதில்லை. அப்பள்ளியின் எட்டாம் வகுப்பில் மொத்தம் எத்தனை பேர் படித்தார்கள்? அவர்களில் எத்தனை பேர் பயிற்சி வகுப்பில் அமர்த்தப்பட்டார்கள்? தேர்வு அறையில் நடக்கும் வடிகட்டலைவிட, அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே பயிற்சி வகுப்பின் வாசலில் நடக்கும் வடிகட்டலே பெரியது. அதில் வெளியே நிறுத்தப்படுகிறவர்கள் யார் என்பதை நாம் பேசியாக வேண்டும்.

என்.எம்.எம்.எஸ். என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்தத் திட்டத்தை ஒன்றிய அரசு 2008இல் தொடங்கியது. அரசு, அரசு உதவிபெறும், உள்ளாட்சிப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் மட்டுமே இதை எழுத முடியும். குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மேற்படக் கூடாது. தேர்வானவர்களுக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், நான்கு ஆண்டுகளில் 48,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வந்து சேரும். எட்டாம் வகுப்போடு பிள்ளையை வேலைக்கு அனுப்பலாமா என்று தயங்கும் ஒரு குடும்பத்தில், அந்தத் தயக்கத்தைப் படிப்பின் பக்கம் சாய்க்கக்கூடிய தொகை இது.

நாடு முழுவதும் ஒரு லட்சம் இடங்கள்; தமிழ்நாட்டின் பங்கு 6,695. மாநில இடஒதுக்கீட்டின்படி பட்டியல் சாதியினருக்கு, அருந்ததியருக்கான உள்ஒதுக்கீட்டையும் சேர்த்து, 18 விழுக்காடு என்று கணக்கிட்டால் ஏறத்தாழ 1,200 இடங்கள் வரும். 38 மாவட்டங்களுக்குப் பகிர்ந்து பார்த்தால் சராசரியாக ஒரு மாவட்டத்துக்கு முப்பதைச் சற்றே தாண்டும். மதுரை போன்ற ஒரு மாவட்டத்தின் சேரிகளிலும் மாநகராட்சிக் குடியிருப்புகளிலும் எட்டாம் வகுப்பு படிக்கும் தலித் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு முன் இது கைப்பிடி அளவுகூட இல்லை. இடங்கள் இவ்வளவு குறைவாக இருப்பதனாலேயே, யாருக்குப் பயிற்சி என்ற கேள்வி கூர்மை பெறுகிறது.

ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்

தேர்வு இரண்டு தாள்களைக் கொண்டது. மனத்திறன் தாளில் 90 கேள்விகள். பாடத் தாளில் 90 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடம். பாடத் தாளில் கணிதத்துக்கு 20 கேள்விகள் என்றாலும், மனத்திறன் தாளில் வரும் எண் தொடர்களும் விடுபட்ட எண்களும் குறியீட்டுக் கணக்குகளும் கணிதப் பழக்கத்தையே கோருகின்றன. 2, 6, 12, 20, 30 என்ற வரிசையில் அடுத்த எண் எது என்று கேட்டால், இடைவெளிகள் 4, 6, 8, 10 என்று வளர்வதைக் கண்டு 42 என்று சொல்ல வேண்டும். இதற்குப் பேரறிவு தேவையில்லை. முன்பே இத்தகைய இருபது வரிசைகளைப் பார்த்த பிள்ளை பத்து விநாடியில் விடையளித்துவிடும். முதன்முறையாகத் தேர்வு அறையில் பார்க்கும் பிள்ளை கேள்வி என்ன கேட்கிறது என்று புரிந்துகொள்வதற்குள் நிமிடம் கடந்துவிடும். திறன் தேர்வு என்று பெயர் சூட்டப்பட்டிருந்தாலும், பெரும்பகுதி அது அளப்பது பழக்கத்தைத்தான்.

தகுதி பெற இரண்டு தாள்களையும் சேர்த்து 40 விழுக்காடு வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 32 விழுக்காடு. அதாவது 180இல் முறையே 72, 58. ஏழாம் வகுப்பில் 55 விழுக்காடு மதிப்பெண் என்ற முன்நிபந்தனையும் உண்டு. அதிலும் 5 விழுக்காடு தளர்வு இருக்கிறது. தளர்வுகள் தாளில் இருக்கின்றன. ஆனால் பள்ளியில் வழக்கமாக நடப்பது வேறு. தேர்ச்சி எண்ணிக்கையே பள்ளியின் பெருமையாகிவிட்ட சூழலில், 'வந்துவிடும்' என்று தோன்றும் பத்துப் பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து மாலையிலும் சனிக்கிழமையிலும் பயிற்சி கொடுப்பது இயல்பான வழியாகிறது. மீதமுள்ளவர்களுக்கு விண்ணப்பமே போவதில்லை. மாலையில் தங்கையைப் பார்த்துக்கொள்ள வீடு திரும்ப வேண்டிய பெண்பிள்ளையும், விடுமுறை நாளில் சந்தைக்குப் போகும் ஆண்பிள்ளையும் 'ஆர்வமில்லாதவர்கள்' என்ற பட்டியலில் சேர்ந்துவிடுகிறார்கள். யாரும் சாதியின் பெயரைச் சொல்லி விலக்கவில்லை. ஆனால் விலக்கப்பட்டவர்களின் பட்டியலைச் சாதிவாரியாகப் பிரித்துப் பார்க்கும் வழியும் இல்லை.

கணக்குத் தெரியாத பிள்ளைகளா?

மாட்டுத்தாவணி என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பேருந்து நிலையம். பெயரோ அங்கு கூடிய மாட்டுச் சந்தையைச் சொல்கிறது. இன்று அந்த வட்டாரத்தில் பூச்சந்தையும் காய்கறிச் சந்தையும் இயங்குகின்றன. மூட்டை இறக்குவோர், பூக் கட்டுவோர், துப்புரவுப் பணியாளர், தள்ளுவண்டி வைத்திருப்போர் எனப் பல குடும்பங்கள் அவற்றை நம்பி வாழ்கின்றன. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் விலை முகூர்த்த நாளில் ஒன்று, மறுநாள் ஒன்று என்று ஏறி இறங்குவதை இக்குடும்பங்களின் பிள்ளைகள் அறிவார்கள்.

கிலோ 800 ரூபாய் விற்கும் மல்லியில் 350 கிராம் என்ன விலை என்று சந்தையில் கேளுங்கள். நூறு கிராம் 80. முந்நூறு கிராம் 240. ஐம்பது கிராம் 40. ஆக 280 என்று வாய்க்கணக்காகவே விடை வரும். அதே கணக்கை 0.35 × 800 என்று எழுதி, 2.8, 28, 280, 2800 என்று நான்கு விடைகளைத் தந்தால் அதே பிள்ளை தடுமாறக்கூடும். தசமப் புள்ளி எங்கு நிற்க வேண்டும் என்ற விதி அதற்குச் சந்தையிலிருந்து வரவில்லை. பள்ளியில் அதன் பொருள் விளங்கச் சொல்லப்படவும் இல்லை.

இது வெறும் ஊகமன்று. பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் விற்பனை செய்த சிறுவர்களைக் கொண்டு 1985இல் வெளியான ஆய்வொன்று, வியாபாரத்தின்போது ஏறத்தாழ 98 விழுக்காடு சரியாகக் கணக்கிட்டவர்கள், அதே கணக்குகளை எழுத்து வடிவில் தந்தபோது 37 விழுக்காடுதான் சரியாகச் செய்தார்கள் என்று காட்டியது. ஐந்தே சிறுவர்களை வைத்து நடந்த சிறிய ஆய்வு அது. 2025இல் 'நேச்சர்' இதழில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வோ கொல்கத்தா, தில்லிச் சந்தைகளில் வேலை செய்யும் 1,400க்கும் மேற்பட்ட பிள்ளைகளைக் கொண்டது. சிக்கலான கொள்முதல் கணக்குகளைத் தாளும் பேனாவும் இன்றிச் சரியாகச் செய்த இப்பிள்ளைகளில் பெரும்பாலோர், பள்ளிப் பாட வடிவிலான எளிய வகுத்தலில் தோற்றார்கள். குறிப்பிடத்தக்க மறுபக்கமும் உண்டு: வேலைக்குப் போகாமல் பள்ளியில் மட்டுமே படித்த பிள்ளைகள் பாடக் கணக்கில் முந்தினாலும் சந்தைக் கணக்கில் திணறினார்கள். இரண்டு அறிவுக்கும் நடுவே பாலம் இல்லை என்பதே அந்த ஆய்வின் முடிவு.

இதைச் சொல்லும்போது குழந்தை உழைப்பை நாம் போற்றவில்லை. சந்தையில் கற்ற கணக்கு போதும் என்று தலித் பிள்ளைகளிடம் சொல்வது அவர்களைச் சந்தையிலேயே நிறுத்திவைக்கும் சூழ்ச்சியாகும். நாம் சொல்வது ஒன்றே: 'இந்தப் பிள்ளைகளுக்குக் கணக்கு ஏறாது' என்ற ஆசிரியர் அறைப் பேச்சுக்குச் சான்று இல்லை. இருக்கும் அறிவைப் பள்ளி அடையாளம் காணவில்லை என்பதற்கே சான்று இருக்கிறது.

கணக்குக்கும் சாதிக்கும் உள்ள உறவு புதியதுமன்று. நெல்லை விளைவித்தவரின் கூலியை அளந்த மரக்கால் யார் கையில் இருந்தது, கணக்குச் சுவடியை எழுதியவர் யார் என்பதில்தான் கிராமத்தின் அதிகாரம் இருந்தது. அண்ணல் அம்பேத்கரின் பள்ளி நாட்களைப் பற்றி அவரது வாழ்க்கை வரலாற்றாசிரியர் தனஞ்செய் கீர் பதிவு செய்துள்ள நிகழ்வு இங்கு நினைவுகூரத்தக்கது. பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில், கணக்கொன்றைத் தீர்க்கக் கரும்பலகைக்கு வருமாறு ஆசிரியர் அம்பேத்கரை அழைத்தார். பலகைக்குப் பின்னால் தங்கள் உணவுப் பாத்திரங்களை வைத்திருந்த சாதி இந்து மாணவர்கள், தீட்டுப்பட்டுவிடும் என்று கூச்சலிட்டு ஓடிச்சென்று அவற்றை அகற்றினார்கள். அதன் பிறகே அவர் பலகையை அணுக முடிந்தது. கணக்கைத் தீர்ப்பதில் அவருக்குத் தடையில்லை. பலகையை அடைவதில்தான் தடை இருந்தது. பயிற்சி வகுப்பின் வாசலில் இன்று நிற்கும் பிள்ளைக்கும் சிக்கல் அதுவே.

அளப்பது யாரை?

தேர்வுகளை நாம் ஒட்டுமொத்தமாக மறுக்கவில்லை. எதை அளக்கிறோம், அளந்த பின் யாரைப் பொறுப்பாக்குகிறோம் என்பதே கேள்வி. 2021 தேசிய அடைவுத் தேர்வில் 500 என்ற அளவுகோலில் கணிதத்தின் தேசியச் சராசரி மூன்றாம் வகுப்பில் 306, ஐந்தில் 284, எட்டில் 255, பத்தில் 216. வகுப்பு ஏற ஏற அடைவு இறங்குகிறது. 2024 ஏசர் அறிக்கையின்படி, நாட்டின் ஊரகப் பகுதிகளில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் பாதிக்கும் குறைவானவர்களே மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கிறார்கள். இவை பள்ளி அமைப்பின் மதிப்பெண்கள். பிள்ளையின் மதிப்பெண்ணாக இவற்றைப் படிப்பது அநீதி.

ஆனால் அப்படித்தான் படிக்கப்படுகிறது. 2019 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வை அறிவித்தது. கடும் எதிர்ப்புக்குப் பின் 2020 பிப்ரவரியில் அதைக் கைவிட்டது. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு இவ்வகுப்புகளில் தோல்வியுற்ற பிள்ளைகளை அதே வகுப்பில் நிறுத்திவைக்க விதிகளைத் திருத்தியது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை, எட்டாம் வகுப்பு வரை நிறுத்திவைக்காமையைத் தொடர்வதாக அறிவித்தது. இதை வரவேற்கிறோம். முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் பிள்ளையை ஐந்தாம் வகுப்பில் நிறுத்துவது, பெரும்பாலும் பள்ளியிலிருந்தே நிறுத்துவதாகத்தான் முடியும்.

எண்ணிக்கை மட்டுமே இலக்கானால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா பாடம். அங்கு 2002இல் நடைமுறைக்கு வந்த சட்டம், மூன்று முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் கணிதத்திலும் வாசிப்பிலும் தேர்வைக் கட்டாயமாக்கியது. கறுப்பினப் பிள்ளைகளின் அடைவைத் தனியே வெளியிடச் சொன்னது அச்சட்டத்தின் நற்கூறு. ஆனால் மதிப்பெண் குறைந்த பள்ளிகளுக்குத் தண்டனை என்ற மிரட்டல் வேறொன்றை விளைவித்தது. கறுப்பினப் பிள்ளைகள் பெரும்பான்மையாகப் படிக்கும் அட்லாண்டாவில், பிள்ளைகளின் விடைத்தாள்களை ஆசிரியர்களே அழித்துத் திருத்தியதை 2011இல் மாநில விசாரணை வெளிக்கொணர்ந்தது. 44 பள்ளிகளில் 178 கல்வியாளர்கள் அதில் தொடர்புடையவர்களாகக் கண்டறியப்பட்டனர். விடைகள் திருத்தப்பட்டதால் உதவி தேவைப்பட்ட பிள்ளைகள் தேர்ச்சி பெற்றவர்களாகவே தோன்றினார்கள். பத்துப் பேரைப் பொறுக்கிப் பயிற்றுவிக்கும் பழக்கம் மோசடியன்று. ஆனால் மீதமுள்ள பிள்ளைகளைக் கண்ணிலிருந்து மறைப்பதில் இரண்டும் ஒன்றே.

நாம் கோருவது

முதலாவதாக, பயிற்சி என்பது தெரிவு செய்யப்பட்டோருக்கான சலுகையாக இருக்கக் கூடாது. ஆறாம் வகுப்பிலிருந்தே, பள்ளி நேரத்திலேயே, வாரத்தில் குறிப்பிட்ட பாடவேளைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அது கிடைக்க வேண்டும். தொடக்க வகுப்புகளில் 'எண்ணும் எழுத்தும்' திட்டமும், 2025 முதல் நடுநிலை வகுப்புகளில் 'திறன்' திட்டமும் அடிப்படை எண்ணறிவைப் பேசுகின்றன. அவற்றோடு உதவித்தொகைத் தேர்வுப் பயிற்சி இணைக்கப்பட வேண்டும். வாய்க்கணக்கிலிருந்து எழுத்துக் கணக்குக்குப் போகும் வழியைச் சொல்லித்தரும் பயிற்சியாக அது இருக்க வேண்டும். பழைய வினாத்தாள்களை மனப்பாடம் செய்விப்பது போதாது.

இரண்டாவதாக, தேர்வு முடிவுகளோடு எட்டாம் வகுப்பு மொத்த எண்ணிக்கை, விண்ணப்பித்தோர், எழுதியோர், தேர்வானோர் ஆகிய நான்கு எண்களும் பள்ளிவாரியாகவும் சமூகப் பிரிவுவாரியாகவும் வெளியிடப்பட வேண்டும். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்குத் தனியே வெளியிடப்பட வேண்டும். நீதிபதி சந்துரு குழு 2024இல் அளித்த அறிக்கை, இப்பள்ளிகளையும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளையும் ஒரே துறையின் கீழ்க் கொண்டுவரப் பரிந்துரைத்தது. இப்பள்ளிகளுக்கென உள்ள நிதியும் நிலமும் கரைந்துவிடுமோ என்ற அச்சம் நம் இயக்கங்களுக்குள் இருக்கிறது. சாதிப் பெயர் தாங்கிய பள்ளி முத்திரையாகிவிடுகிறது என்ற வலியும் இருக்கிறது. எத்துறையின் கீழ் இருந்தாலும் அங்கு கணித ஆசிரியர் இருக்கிறாரா என்ற கேள்விக்கு விடை வேண்டும்.

மூன்றாவதாக, வருமானச் சான்று, சாதிச் சான்று, ஆதார் இணைந்த வங்கிக் கணக்கு ஆகியவற்றைப் பள்ளியிலேயே முகாம் நடத்தி முன்கூட்டியே முடித்துத் தர வேண்டும். தேர்வில் வென்ற பிறகும் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் பதிவு செய்யாததால் பணத்தை இழக்கும் நிலை ஒரு பிள்ளைக்கும் நேரக் கூடாது.

கல்லூரி மாணவர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் இதில் உடனடி வேலை இருக்கிறது. உங்கள் பகுதிப் பள்ளியின் அந்த நான்கு எண்களைக் கேட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் எழுத ஒரு தாள் போதும். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரும் உள்ளாட்சிப் பிரதிநிதிகளும் உறுப்பினர்கள். அவர்களோடு பேசி, அடுத்த கூட்டத்தில் இக்கேள்வியை எழுப்பச் செய்யுங்கள். வாரத்தில் இரண்டு மாலை உங்களால் ஒதுக்க முடியுமானால், பள்ளிக்கு வெளியே குடியிருப்பின் பொது இடத்தில் அமர்ந்து, பட்டியலில் பெயர் வராத பிள்ளைகளிலிருந்து தொடங்குங்கள். 180இல் 58 என்பது எட்ட முடியாத உயரமன்று. அதுவரை அழைத்துச் செல்ல ஒருவர் வேண்டும் என்பதே இன்றைய தேவை.