கடைமடைக்கும் தண்ணி வரணும்!

(மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு ஹாஸ்டல் ரூமுக்கு வந்த பேரவைச் செயலாளர், "கவிதை மட்டும் வேண்டாம்டா, ஏற்கெனவே 17 கவிதை வந்து கிடக்கு. உருப்படியா ஏதாவது எழுதிக் கொடு" என்று சொல்லிவிட்டுப் போனார். உருப்படியாக என்ன எழுதுவது? நாம் எல்லோரும் தினமும் ஒரு தடவையாவது திட்டும் ஒரு விஷயத்தைப் பற்றி எழுதலாமே என்று தோன்றியது. "டவர் காட்டுது, நெட் மட்டும் வர மாட்டேங்குது!" அதுதான் அந்த விஷயம்.

முதலில் ஒரு சம்பவம்.

எங்கள் ஊரில் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் ஒரே ஒரு செல்போன் டவர். எங்கள் வீடு அதன் காலடியில். கம்மாய்க் கரையைத் தாண்டி, கடைசி வயல்களை ஒட்டி ஓர் அண்ணன் வீடு. நம் பாலிடெக்னிக்கில் எனக்கு முந்தின செட். டிப்ளமோ முடித்தவர்கள் நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரும் விண்ணப்பத்துக்கு அன்றுதான் கடைசி நாள். ராத்திரி 12 மணியோடு சரி. அன்றைக்கென்று பார்த்து கிரிக்கெட் மேட்ச். ஊரே போனும் கையுமாக உட்கார்ந்திருக்கிறது. நானும்தான். திண்ணையில் சாய்ந்துகொண்டு பார்க்கிறேன். படம் ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை.

10 மணிக்கு அண்ணன் போன் செய்தார். "தம்பி, பணம் கட்டுற பக்கம் சுத்திக்கிட்டே இருக்குடா. கோடு ரெண்டு நிக்குது. உனக்கு நெட் வருதா?"

"நல்லா வருதுண்ணே" என்றேன். சொல்லிவிட்டு மறுபடி மேட்சுக்குப் போய்விட்டேன். எனக்கு அப்போது எதுவும் உறைக்கவில்லை.

11.30 மணிக்கு அண்ணன் சைக்கிளில் வியர்க்க விறுவிறுக்க எங்கள் வாசலில் வந்து நின்றார். என் பக்கத்தில் உட்கார்ந்து அதே போனில், அதே சிம்மில், 4 நிமிஷத்தில் பணம் கட்டி முடித்தார். இப்போது அவர் பி.இ. படிக்கிறார். அன்றைக்கு சைக்கிள் பஞ்சராகி இருந்தால்?

அதே டவர். அதே கம்பெனி. இரண்டு பேரும் கட்டியது ஒரே ரீசார்ஜ். அப்படி இருக்க எனக்கு மேட்ச் வந்தது, அவருக்கு ஒரு பக்கம்கூட வரவில்லையே, ஏன்? இந்தக் கேள்விதான் என்னைப் பல நாள் தூங்கவிடாமல் பண்ணியது. தேடிப் படித்ததில் என் சிற்றறிவுக்கு எட்டியதை உங்கள் முன் வைக்கிறேன்.

டவரையும் கம்மாயையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். கம்மாய்த் தண்ணீர் ஒன்றுதான். பாயும் வயல்கள் பல. டவரின் அலைவரிசையும் அப்படித்தான். ஒவ்வொரு போனுக்கும் தனி வாய்க்கால் கிடையாது. போனில் தெரியும் கோடு, மடையில் தண்ணீர் கண்ணுக்குத் தெரிகிறது என்பதை மட்டுமே சொல்லும். உங்கள் வயலுக்கு முறை எப்போது வரும் என்பதை அது சொல்லாது!

ஒரே அலைவரிசையைப் பலர் பங்கு போடும் பிரச்சினை இன்று நேற்று வந்ததல்ல. 1971ல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் தீவுகளுக்கு இடையே ரேடியோ மூலம் கம்ப்யூட்டர்களை இணைத்தார்கள். அதன் பெயர் அலோஹாநெட். அதில் விதி ரொம்ப சுலபம். அனுப்ப வேண்டியது இருந்தால் அனுப்பு. இன்னொருவர் பாக்கெட்டோடு மோதிவிட்டால் கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி அனுப்பு. ஆளுக்கு ஆள் மடையைத் திறந்தால் என்ன ஆகும்? கணக்குப் போட்டுப் பார்த்ததில், அலைவரிசையின் மொத்தத் திறனில் அதிகபட்சம் 18 சதவீதம்தான் தேறியது. நேரத்தைச் சம ஸ்லாட்டுகளாக வெட்டி, ஸ்லாட் தொடக்கத்தில் மட்டுமே அனுப்பலாம் என்று ஆக்கியபோது அது 37 சதவீதமாக உயர்ந்தது. இன்றைய 4ஜி போன்கூட டவரிடம் முதன்முதலில் "நானும் இருக்கேன் சார்" என்று கையைத் தூக்குவது ஏறக்குறைய இதே முறையில்தான். 64 அடையாளக் குறிகளில் ஒன்றைப் பொறுக்கி அனுப்பும். இரண்டு போன் ஒரே குறியை ஒரே நேரத்தில் எடுத்தால் மோதல், மறுபடி முயற்சி.

நம் சென்னையிலும் இதற்கு ஒரு வழி கண்டார்கள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 1990களில் சென்னை ஐ.ஐ.டி.யின் டெனெட் குழு, பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா முன்னின்று, கார்டெக்ட் என்ற வயர்லெஸ் தொலைபேசி முறையை உருவாக்கியது. குறைந்த செலவில் கிராமத்துக்கும் போனும் இன்டர்நெட்டும் போக வேண்டும் என்பது நோக்கம். அது பின்பற்றிய டெக்ட் தரத்தில் 10 மில்லிவிநாடிக்கு ஒரு ஃபிரேம். அதில் போக 12, வர 12 ஆக 24 ஸ்லாட். எந்த ஸ்லாட்டில் இடைஞ்சல் குறைவு என்று சந்தாதாரர் வீட்டுக் கருவியே கேட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும்.

செல்போன் வேறு பாதையில் போனது. இங்கே முறை சொல்வது டவர்தான். ஜி.எஸ்.எம். குரல் அழைப்பில் ஒருவருக்குக் கொடுத்த ஸ்லாட், அவர் பேசாமல் மூச்சு விடும்போதும் அவருக்கே சொந்தம். டேட்டாவுக்கு அது கட்டுப்படியாகாது. ஆகவே ஜி.பி.ஆர்.எஸ். வந்தபோது ஒரே ஸ்லாட்டைப் பல போன்கள் பகிர்ந்துகொண்டன. அடுத்த 20 மில்லிவிநாடி யார் அனுப்பலாம் என்பதை டவர் பக்கமிருந்து வரும் 3 பிட் அடையாளம் சொல்லும். தன் எண் வந்தால் போன் அனுப்பும். வராவிட்டால் வாயை மூடிக்கொண்டு இருக்கும். 4ஜியிலோ ஒரு மில்லிவிநாடிக்கு ஒரு முறை. அதாவது ஒரு விநாடிக்கு 1000 தீர்ப்பு! 10 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை என்றால் ஒவ்வொரு தீர்ப்பிலும் 50 துண்டுகளைப் பங்கு போட வேண்டும். பங்கு போடும் இந்த நீர்க்கட்டிக்குப் பெயர் ஷெட்யூலர். ஒவ்வொரு போனும் தனக்கு சிக்னல் எப்படி இருக்கிறது என்று 0 முதல் 15 வரை மார்க் போட்டு அனுப்பும். அதையும் பார்த்துத்தான் அது முடிவு செய்யும்.

சரி, எந்த விதிப்படி? இங்கேதான் விஷயமே இருக்கிறது. கணக்குக்காக இரண்டே பேரை வைத்துக்கொள்வோம். டவர் முழுவதையும் எனக்கே கொடுத்தால் எனக்கு விநாடிக்கு 20 மெகாபிட் வரும். அண்ணன் தூரத்தில் இருப்பதால் முழுவதையும் கொடுத்தாலும் அவருக்கு 1 மெகாபிட்தான்.

முதல் விதி: யாருக்கு நல்ல சிக்னலோ அவருக்கே எல்லாம். மொத்தம் 20 மெகாபிட் போகும். பேப்பரில் பிரமாதம்! அண்ணனுக்கு முட்டை.

இரண்டாவது விதி: இருவருக்கும் சம வேகம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டால் அண்ணனுக்கே 95 சதவீத நேரம் போய்விடும், ஆளுக்கு 0.95 மெகாபிட், மொத்தமே 1.9தான். எல்லோரும் சேர்ந்து பட்டினி.

மூன்றாவது விதி: சம நேரம். எனக்கு 10, அண்ணனுக்கு 0.5.

இந்த மூன்றாவதைக் கொஞ்சம் புத்திசாலித்தனமாகச் செய்வதுதான் விகிதாசார நியாயம் என்பது. கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஃபிராங்க் கெல்லி 1997ல் நெட்வொர்க்குகளுக்காக இந்தக் கருத்தை எழுதினார். 2000ஐ ஒட்டி குவால்காம் பொறியாளர்கள் தங்கள் டேட்டா முறையில் இதைப் புகுத்தினார்கள். இதில் நீங்கள் அடுத்தவரோடு போட்டி போட வேண்டாம். உங்கள் சொந்தச் சராசரியோடுதான் போட்டி. என் சராசரி 10, இந்த நொடி 20 வரும் என்றால் என் மதிப்பு 2. அண்ணனின் சராசரி 0.5, இந்த நொடி காற்று நன்றாக இருந்து 1.5 வரும் என்றால் அவர் மதிப்பு 3. முறை அண்ணனுக்கே! அவரவர் சிக்னல் உச்சத்தில் இருக்கும் நேரம் பார்த்துக் கொடுப்பதால் எல்லோருக்கும் லாபம். நல்ல விதிதான், மறுக்கவில்லை.

ஆனால் தோழர்களே, அன்றைய ராத்திரி இரண்டு பேரா இருந்தோம்? டவர் பக்கத்தில் 20 பேர் மேட்ச் பார்த்தார்கள், அண்ணன் 21வது ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சம நேரம் என்றால் எங்களில் ஒவ்வொருவருக்கும் 950 கிலோபிட். மேட்ச் பார்க்கப் போதும். அண்ணனுக்கு 48 கிலோபிட்! 2 மெகாபைட் பக்கம் ஒன்று இறங்க ஐந்தரை நிமிஷம். அதற்குள் பணம் கட்டும் பக்கம் "நேரம் முடிந்தது" என்று மூடிக்கொள்ளும். மறுபடி முதலிலிருந்து.

அன்றைக்கு நான் பெரிய மனசு பண்ணி மேட்சை நிறுத்தி இருந்தால்? அதையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 48 என்பது 50 ஆகி இருக்கும். அவ்வளவுதான். ஒரு தனி ஆள் நல்லவனாக இருந்து பிரயோஜனம் இல்லை. விதி நல்லதாக இருக்கணும்.

அந்த விதியை எழுதுவது யார்? உலகத் தரநிலையை வகுக்கும் 3ஜிபிபி ஆவணங்களில் பிட் எங்கே நிற்கணும், எத்தனை மைக்ரோவிநாடியில் போகணும் என்று எல்லாம் இருக்கிறது. ஆனால் யாருக்கு முதல் முறை என்பது மட்டும் கருவி செய்கிறவர் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது. தயாரிப்பாளர் எழுதுகிறார், கம்பெனி திருகைத் திருகுகிறது. கம்மாய் நீர்க்கட்டி தப்புப் பண்ணினால் ஊர்க் கூட்டத்தில் கேட்கலாம். ஷெட்யூலரை எந்தக் கூட்டத்தில் கேட்பது?

என்னைக் கேட்டால், விகிதாசார நியாயத்துக்கு அடியில் ஒரு தரை வேண்டும். அதற்குக் கீழே யாரும் போகக் கூடாது. அன்று அண்ணனுக்குக் கால்வாசி நேரத்தைக் கொடுத்திருந்தால் அந்தப் பக்கம் 64 விநாடியில் இறங்கி இருக்கும். அந்த ஒரு நிமிஷம் எங்களுக்கு 950 என்பது 750 ஆகி இருக்கும். பந்து கொஞ்சம் மங்கலாகத் தெரிந்திருக்கும். அவ்வளவுதானே நஷ்டம்? இதற்கான கருவி இல்லாமல் இல்லை. 4ஜியில் குரல் அழைப்புக்கு உத்தரவாதமான வேகம் தனியாக ஒதுக்குகிறார்கள். குரலுக்கு முடிந்தது கடைமடைக்கு முடியாதா?

"அப்போ படிப்புக்கு முதலிடம், சினிமாவுக்குக் கடைசி இடம்னு வச்சிடலாமே" என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். வேண்டவே வேண்டாம்! எது நல்ல பாக்கெட், எது கெட்ட பாக்கெட் என்று கம்பெனி தீர்ப்பு சொல்ல ஆரம்பித்தால் வம்பு. உள்ளடக்கத்தைப் பார்த்து வேறு வேறு கட்டணம் வைப்பதை 2016ல் டிராய் தடுத்தது. 2018ல் மத்திய அரசும் இணையச் சமத்துவத்தை ஏற்றுக்கொண்டது. பாக்கெட்டைப் பிரித்துப் பார்க்கவே வேண்டியதில்லை. யார் ரொம்ப நேரமாகக் காத்திருக்கிறார், அவர் கேட்பது எவ்வளவு கொஞ்சம் என்று பார்த்தால் போதும்.

"இன்னும் நாலு டவர் போட்டா சரியாப் போச்சு" என்பவர்களும் உண்டு. போடட்டும், தேவைதான். ஆனால் கம்மாயை எவ்வளவு ஆழப்படுத்தினாலும் முறை வைக்காமல் முடியுமா? அடுத்த மேட்சுக்கு அதுவும் நிரம்பும்.

இன்னொன்று. டிராய் 2024ல் கொண்டு வந்த சேவைத் தர விதிமுறைகளின்படி, எங்கெங்கே சிக்னல் உண்டு என்ற வரைபடத்தைக் கம்பெனிகள் வெளியிட வேண்டும். நல்ல காரியம். அந்த வரைபடத்தில் அண்ணன் வீடும் சிக்னல் உள்ள இடம்தான்! ராத்திரி 10 மணிக்குக் கடைசி வீட்டில் என்ன வேகம் வருகிறது என்பதையும் சேர்த்து வெளியிடச் சொல்ல வேண்டும். சராசரி என்ற போர்வைக்குள் கடைமடை ஒளிந்துபோகிறது.

கடைசியாக, நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியது. நம்மில் பலர் நாளைக்கு டவர் ஏறத்தான் போகிறோம். ஆன்டெனா திருப்பவும் கேபிள் மாட்டவும் மட்டும் தெரிந்தால் போதுமா? உள்ளே பங்கு போடும் விதியும் தெரிய வேண்டாமா? நம் கம்யூனிகேஷன் லேபில் மலிவான 433 மெகாஹெர்ட்ஸ் மாட்யூல் நாலு வாங்கி, ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் அனுப்ப விட்டுப் பாருங்கள். எத்தனை பாக்கெட் மோதிச் சாகிறது என்று எண்ணுங்கள். பிறகு முறை வைத்து அனுப்பி மறுபடி எண்ணுங்கள். அடுத்த வருஷ பிராஜெக்டுக்கு இதை எடுக்க ஜூனியர்கள் யாராவது முன்வந்தால், கூட உட்கார நான் தயார்.

அண்ணனிடம் இந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிடா தம்பி, அன்னிக்கு 10 மணிக்கே என்னை உன் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கலாம்ல?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த கடைசி நாள் ராத்திரியில் கம்மாய்க்கு அந்தப் பக்கம் இன்னொரு தம்பியோ தங்கச்சியோ இருப்பார்கள். அவர்கள் வீட்டில் சைக்கிளும் இல்லாமல் போகலாம். அதற்குள் விதி மாற வேண்டும் தோழர்களே. கேட்போம்!