பெயரை மாற்றிப் போட்டால் பெற்றோரா?

"ஆஸ்பத்திரியில சேர்க்கும்போதே உங்க பேர்ல சேர்த்துருங்க. பர்த் சர்டிபிகேட் நேரா உங்க பேருக்கே வந்துரும். கோர்ட்டு கேஸுன்னு எதுக்கு அலையணும்?"

வாடகைத்தாய் மூலம் பிள்ளை பெற நினைக்கும் தம்பதிக்குத் திண்டுக்கல் பக்கம் கிடைக்கும் முதல் யோசனை இது: சுமக்கும் பெண்ணை மனைவியின் பெயரில் பிரசவத்துக்குச் சேர்ப்பது. சொல்பவர் தரகராக இருக்கலாம். நாலு இடம் தெரிந்த சித்தப்பாவாகவும் இருக்கலாம். படித்தவர்களும் தலையாட்டுகிறார்கள். சான்றிதழில் பெயர் ஏறிவிட்டால் பிள்ளை நம்முடையது என்று அவ்வளவு உறுதி.

அந்த உறுதிக்குச் சட்டத்தில் இடமே இல்லை. 2022 ஜனவரி 25 முதல் நடப்பில் இருக்கும் வாடகைத்தாய் முறை ஒழுங்குமுறைச் சட்டம், கருவை வைப்பதற்கு முன்பே சில காகிதங்களைக் கேட்கிறது. மாவட்ட மருத்துவ வாரியத்தின் சான்று ஒன்று. சுமக்கும் பெண்ணுக்கு 36 மாதக் காப்பீடு இன்னொன்று. மூன்றாவதுதான் முக்கியம்: தம்பதியும் அந்தப் பெண்ணும் சேர்ந்து மனுக் கொடுத்து, முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டோ அதற்கு மேற்பட்ட நீதிமன்றமோ பிறப்பிக்கும் உத்தரவு. பிறக்கப்போகும் குழந்தைக்குப் பெற்றோர் யார், அது யார் பொறுப்பில் வளரும் என்பதை அந்த உத்தரவுதான் சொல்கிறது. பிறந்த பிறகு பிறப்புக்கான பிரமாணப் பத்திரமும் அதுவே. இதற்காகச் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. மாஜிஸ்திரேட் கோர்ட் திண்டுக்கல்லிலேயே இருக்கிறது.

இந்த முறையில் பிறந்த குழந்தை தம்பதியின் சொந்தக் குழந்தையாகவே கருதப்படும், உரிமைகளில் எந்தக் குறையும் இல்லை என்று அதே சட்டத்தின் 8ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் இந்த முறையில்தான் பிறந்தது என்று காட்டக் காகிதம் வேண்டுமே! பெயரை மாற்றிச் சேர்த்த இடத்தில் வாடகைத்தாய் என்று ஒருத்தி இருந்ததற்கே தடயம் இல்லை. நாளைக்குச் சொத்துத் தகராறில் ஒரு பங்காளி "இவள் பெறவே இல்லை" என்று கிளப்பினால், கையில் இருப்பது பொய்த் தகவலில் வாங்கிய சான்றிதழ் மட்டும். திருமணமான பெண் பெற்ற பிள்ளைக்கு அவள் கணவனே தகப்பன் என்பது சாட்சியச் சட்டத்தின் பொது அனுமானம். உத்தரவு இல்லாத இடத்தில் அந்த அனுமானம் சுமந்தவளின் கணவனைத் தேடிப் போகும். அந்த மனிதர் ஒரு கையெழுத்துக்கு மேல் எதுவும் கேட்டிருக்க மாட்டார், பாவம்.

"டி.என்.ஏ. டெஸ்ட் எடுத்தால் தெரிந்துவிடாதா?" என்பார்கள். எல்லோருக்கும் தெரிந்துவிடாது. மனைவியின் கருமுட்டை பயன்படாத நிலை என்று மாவட்ட வாரியம் சான்றளித்தால், தானமாகப் பெற்ற முட்டையைப் பயன்படுத்த 2024 பிப்ரவரி விதித் திருத்தம் இடம் கொடுத்தது. அப்படிப் பிறக்கும் பிள்ளைக்கும் அந்தத் தாய்க்கும் ரத்தத் தொடர்பு இல்லை, சுமந்ததும் அவள் இல்லை. அவளைத் தாயாக்குவது சட்டமும் அந்த உத்தரவும் மட்டுமே. அதைத்தான் வீண் அலைச்சல் என்கிறார்கள்.

பெயர் மாற்றுவதால் முதலில் அடிபடுவது சுமக்கிற பெண். அட்மிஷன் படிவத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பெயர், வயது, ரத்த வகை, முன் பிரசவம் சுகமா சிசேரியனா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. அவள் ஏற்கெனவே பிள்ளை பெற்றவள். பெற்றிருந்தால்தான் சட்டமே அவளை அனுமதிக்கிறது. வயிற்றில் பழைய தையல் இருக்கலாம். படிவத்திலோ தலைப்பிரசவம். நடு ராத்திரியில் ரத்தப்போக்கு வந்தால் டியூட்டி டாக்டர் எதைப் படிப்பார்? அவள் பெயரில் எடுத்த காப்பீடு, வேறொருத்தி பெயரில் நடந்த பிரசவத்துக்குப் பணம் தருமா? இன்னொன்றும் உண்டு. தமிழ்நாட்டில் இப்போது பிக்மி நம்பர் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் வாங்குவது சுலபமில்லை. கர்ப்பம் உறுதியானதும் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து வாங்குவது அது. ஆக, பிரசவத்தன்று ஒரு பொய் சொன்னால் போதாது. மாதக்கணக்கில் சொல்ல வேண்டும்.

பொய்ச் சான்றிதழின் வழியில் வேறு யாரெல்லாம் நடக்கிறார்கள் என்பதையும் பார்க்கலாம். 2019 ஏப்ரலில் ராசிபுரத்தில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் குழந்தைக்கு விலை பேசிய ஆடியோ வெளியானது. பிறப்புச் சான்றிதழுக்கும் சேர்த்தே அந்தப் பேரம். 2025 ஜூலையில் செகந்திராபாத்தில் வாடகைத்தாய் என்று நம்பிச் சுமார் 35 லட்சம் கொடுத்த ராஜஸ்தான் தம்பதிக்குக் கிடைத்த குழந்தை அவர்களுடையதே அல்ல என்று டி.என்.ஏ. சோதனை காட்டியது. அசாமைச் சேர்ந்த ஏழைத் தம்பதியிடம் 90,000 ரூபாய்க்கு வாங்கிய குழந்தை என்றது போலீஸ். சுமக்கும் பெண்ணும் தம்பதியும் ஒரே மனுவில் கையெழுத்திட்டு நீதிபதி முன் வர வேண்டியிருந்தால், இல்லாத வாடகைத்தாயை அந்தத் தரகர்கள் எங்கிருந்து கொண்டுவந்திருப்பார்கள்?

மறைக்காதவர்கள் கெட்டுப்போகவும் இல்லை. இந்தச் சட்டம் வருவதற்கு வெகுகாலம் முன்பே, வாடகைத்தாய் மூலம் மகளைப் பெற்ற சென்னைத் துறைமுக ஊழியர் ஒருவர் அதை வெளிப்படையாகச் சொல்லி விடுப்புக் கேட்டார். நிர்வாகம் மறுத்தது. 2013இல் நீதிபதி கே. சந்துரு விடுப்புக் கொடுக்க உத்தரவிட்டார். 2022 அக்டோபரில் நயன்தாரா, விக்னேஷ் சிவன் தம்பதிக்கு இரட்டையர் பிறந்தபோது ஊர் முழுக்கக் கல்யாணத் தேதியை விரல்விட்டு எண்ணியது. அரசு விசாரணையோ, தம்பதி விதி மீறவில்லை, ஆவணங்களை ஒழுங்காக வைக்காதது மருத்துவமனைதான் என்று முடிந்தது.

கோர்ட் என்றால் மானம் போய்விடும் என்ற பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஐந்தாம் மாதத்திலிருந்து மனைவியை வெளியூரில் குடிவைத்து, வளைகாப்புக்கு மட்டும் வயிற்றில் துணி கட்டிப் படம் எடுக்க வைப்பது சட்டமா? மாமியாரும் நாத்தனாரும் கேட்கப்போகும் கேள்விகள்தான். இந்தச் சட்டமும் குறுகலானதுதான். மணமாகாத பெண்ணுக்கு அதில் இடமில்லை. அதை எதிர்த்து வழக்காடுவது ஒன்று, பெயரை மாற்றிப் போடுவது வேறு.

நீதிமன்றங்களும் இறங்கிவர வேண்டும். இந்த மனுக்களைத் திறந்த கோர்ட்டில் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் நீதிபதியின் அறையிலேயே விசாரிக்கலாம், நாள் குறித்து முடிக்கலாம். வாடகைத்தாய்ப் பிரசவம் என்று பதிவாகி வரும் ஒவ்வொன்றுக்கும் அந்த உத்தரவின் நகலைக் கேட்காமல் மாநகராட்சி சான்றிதழ் கொடுக்கக் கூடாது.