சிவப்பு கேட்டால் வெள்ளை

சுவரில் சுவிட்சைத் தட்டினால் லைட் எரிகிறது. நடுவில் யாரும் வந்து 'எந்த ரூம்? எந்த லைட்? அந்த லைட்டை வேறு யாராவது உபயோகிக்கிறார்களா?' என்று விசாரிப்பதில்லை. ஆர்டுவினோவில் லைட் போடும் மாணவர்களுக்கு இந்த விசாரணை ஒவ்வொரு தடவையும் நடக்கிறது. அதுவும் அவர்களுக்குத் தெரியாமல்.

ஆர்டுவினோ தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். 2005-ல் இத்தாலியில் இவ்ரியா என்ற ஊரில், டிசைன் படித்த மாணவர்களுக்காகப் பிறந்த உள்ளங்கை அளவு சர்க்யூட் போர்டு. உள்ளூரில் ஒரு பாரின் பெயரையே அதற்கு வைத்தார்கள். பாருக்கோ ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு ராஜாவின் பெயர். இதன் 'ஊனோ' மாடலில் இருக்கும் ஏடிமெகா 328பி சிப்புக்கு செகண்டுக்கு 1 கோடியே 60 லட்சம் துடிப்பு. ஒரு துடிப்பு 62.5 நானோ செகண்டு. நீங்கள் கண் சிமிட்டுவதற்குள் அது லட்சக்கணக்கில் வேலை செய்துவிடும்.

அப்படியும் போதவில்லை என்று என் அண்ணன் பையன் வந்து நின்றான். இன்ஜினீயரிங் கடைசி வருஷம்.

"சித்தப்பா, எல்இடி ஸ்ட்ரிப்புக்கு சிவப்பு அனுப்பினா வெள்ளை வருது. பச்சை அனுப்பினாலும் வெள்ளை. கடைக்காரர் வேற ஃபாஸ்ட்டான போர்டு வாங்கச் சொல்றார். திங்கக்கிழமை ரிவ்யூ. அப்பாகிட்ட இன்னொரு தடவை பணம் கேட்டா அவ்ளோதான்."

அவன் வைத்திருந்தது டபிள்யூஎஸ் 2812 வகை ஸ்ட்ரிப். ஒவ்வொரு விளக்குக்கும் 24 பிட் தகவல், எல்லாம் ஒரே ஒயரில். பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் வித்தியாசம், ஒயரில் வோல்டேஜ் எவ்வளவு நேரம் உயர்ந்திருக்கிறது என்பதுதான். சுமார் 0.4 மைக்ரோ செகண்டு என்றால் பூஜ்யம், 0.8 என்றால் ஒன்று. ஒரு பிட்டுக்கு மொத்தமே 1.25 மைக்ரோ செகண்டு. ஊனோவின் கணக்கில் 20 துடிப்பு.

பையன் உபயோகித்தது எல்லோரும் முதல் பாடத்தில் கற்கும் 'டிஜிட்டல்ரைட்'. ஒரு காலை உயர்த்த அதற்கு 50 துடிப்புக்கு மேல் ஆகிறது. 3, 4 மைக்ரோ செகண்டு. பூஜ்யத்தை அனுப்பினாலும் அது நீண்டு ஒன்றாகிவிடுகிறது. 24 பிட்டும் ஒன்று என்றால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் முழுசாக எரியும். அதாவது வெள்ளை. ஸ்ட்ரிப் மேல் தப்பில்லை. அதற்கு வந்த தகவலே அதுதான்.

50 துடிப்பு எங்கே போகிறது? விசாரணையில். '13-ம் கால்' என்று நாம் சொல்வது நமக்காக வைத்த பெயர். சிப்புக்கு அது 'பி' போர்ட்டின் 5-வது பிட். இதை அட்டவணையில் தேட வேண்டும். அந்தக் காலில் ஏதாவது டைமர் பிடபிள்யூஎம் ஓட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்து, ஓடினால் நிறுத்த வேண்டும். நடுவில் வேறு வேலை குறுக்கிடாமல் இன்டரப்டை மூட வேண்டும். அப்புறம்தான் பிட்டை மாற்றி, மூடியதைப் பழையபடி வைக்க வேண்டும். ஒழுங்கான குமாஸ்தா. ஒரே ஆள் ஆயிரம் தடவை வந்தாலும் ஆயிரம் தடவையும் பெயர், தகப்பனார் பெயர் கேட்பார்.

"டேய், கால் நம்பர் மாறப்போறதா?"

"இல்லை."

"அப்போ ஏன் ஒவ்வொரு பிட்டுக்கும் தேடச் சொல்றே?"

போர்ட்டின் பிட்டை நேரடியாக எழுதினால் 2 துடிப்பில் காரியம் முடிந்துவிடும். 0.125 மைக்ரோ செகண்டு. எழுதினோம். ஒரு வேடிக்கை பாருங்கள், இப்போது வேகம் அதிகமாகி, 0.4 மைக்ரோ செகண்டு ஆகும்வரை சும்மா நிற்கும் கட்டளைகளை நடுவில் போட வேண்டியிருந்தது. அதே போர்டு, அதே சிப். சிவப்பு, சிவப்பாக வந்தது.

உடனே எல்லா இடத்திலும் குமாஸ்தாவை வேலையை விட்டுத் தூக்கிவிடாதீர்கள். அவர் கேட்ட கேள்விகளுக்குக் காரணம் உண்டு. ஒரு பிட்டை மட்டும் தொடாமல் போர்ட் முழுவதற்கும் ஒரு எண்ணை எழுதினால் 8 முதல் 13 வரை அத்தனை கால்களும் மாறும். ஒன்றில் மோட்டார் இருந்தால் அது கேட்காமலே ஓடும். பிடபிள்யூஎம் ஓடுகிற காலில் நேரடியாக எழுதினால் டைமர் உங்களை மதிக்காது. வேறு சிப் உள்ள போர்டுக்கு மாறினால் 13 அங்கே வேறு போர்ட்டிலோ வேறு பிட்டிலோ இருக்கலாம். இன்டரப்டை மூடிவிட்டு 60 விளக்குக்கு அனுப்பினால் 1.8 மில்லி செகண்டு ஆகும். அதற்குள் சிப்பின் சொந்தக் கடிகாரம் ஒரு எட்டு பின்தங்கக்கூடும். விசாரணையை விட்டால் பொறுப்பு உங்கள் தலையில்.

இதையும் தாண்டி ஒரு வழி உண்டு. சீராக மேலே கீழே போய்வரும் சிக்னல் மட்டும் போதும் என்றால் சிப்புக்குள்ளேயே இருக்கும் டைமரிடம் ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும். செகண்டுக்கு 80 லட்சம் சுற்று வரை அதுவே தட்டும். ப்ரோக்ராமுக்கு வேலையே இல்லை. 2021-ல் வந்த ராஸ்ப்பெரி பை பிக்கோவின் சிப்பில், கால்களைத் தட்டுவதற்கென்றே எட்டு குட்டி இயந்திரங்களைத் தனியாக வைத்துவிட்டார்கள். ஸ்ட்ரிப்பை அவை கவனித்துக்கொள்ள, பிராஸஸர் வேறு வேலை பார்க்கலாம்.

ஆக, வேகத்துக்கு மூன்று படி. மாறாத பதிலை மறுபடி மறுபடி கேட்காதே. கேட்டதை ஞாபகம் வைத்துக்கொள். முடிந்தால் வேலையையே தகுந்த ஆளிடம் கொடுத்துவிடு. புது போர்டு வாங்குவது இந்த மூன்றுக்கும் அப்புறம்தான்.

அதற்கும் முன்னால் எங்கே அவசரம் என்று அளந்து பாருங்கள். தண்ணீர் மோட்டாரைப் போடும் ரிலே, நகர்ந்து ஒட்டிக்கொள்ளவே பல மில்லி செகண்டு எடுத்துக்கொள்ளும். அதற்குக் கட்டளை கொடுப்பதில் 4 மைக்ரோ செகண்டு மிச்சம் பிடிப்பது, ரயில் மூன்று மணி நேரம் லேட் என்று தெரிந்தும் ஸ்டேஷனுக்கு மூச்சிரைக்க ஓடுவது மாதிரி. அங்கே குமாஸ்தா நிதானமாகவே கேட்கட்டும்.