ஒருத்தர் பெயரை மட்டும் எழுதுவது என்ன நியாயம்?



2018 மே 22, வான்கடேயில் சென்னையும் ஹைதராபாத்தும் ஆடிய முதல் குவாலிஃபையரை, "தல ஜெயிச்சுக் கொடுத்த மேட்ச்" என்று இன்னமும் பகிர்கிறீர்கள். ஸ்கோர்கார்டைப் படித்தீர்களா? அன்றைக்கு தோனி 18 பந்தில் 9. ரஷீத் கான் பந்தில் போல்டு.

இலக்கு 140. 62 ரன்னுக்கே 6 விக்கெட் போச்சு. கடைசி 3 ஓவரில் 43 வேண்டும். களத்தில் நின்றவர் டூ பிளெஸ்ஸி. அந்த சீசனில் பாதிக்கு மேல் ஆட்டங்களில் வெளியே உட்கார்ந்திருந்தவர். 42 பந்தில் 67 அடித்து, கடைசி வரை அவுட் ஆகவில்லை. ஷர்துல் 5 பந்தில் 15. பந்து வீசுகிறவர் அடித்தால் கணக்கில் வராதோ?

தோனிக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. ஒன்பது நாள் முன்பு இதே ஹைதராபாத்துக்கு எதிராகத் தொடக்கத்தில் இறங்கி சதம் அடித்த ராயுடுவைக் கீழே இறக்கி, டூ பிளெஸ்ஸியைத் தொடக்கத்துக்கு அனுப்பினார்கள். துணிச்சலான முடிவு. அதைப் பாராட்டுங்கள், நானும் கைதட்டுகிறேன்.

வில்லியம்சனையும் மறக்காதீர்கள். ரஷீத்தின் 4 ஓவரும் 11 ரன்னோடு முன்பே தீர்ந்தது. 18ஆவது ஓவர் பிராத்வெயிட் கைக்குப் போனது, 20 ரன் வந்தது. ஆட்டம் திரும்பியது அங்கேதான்.

வலை இழுக்கப் பத்துப் பேர், மீன் வந்ததும் ஒருத்தர் பெயர் என்றால் நம் ஏரிக்கரையில் ஒப்புக்கொள்வார்களா? பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்கு தலைமை ஆசிரியர் படம் மட்டும் போட்ட பேனரைப் பார்த்து நீங்களே சிரித்தவர்கள்தானே! அடுத்த முறை பகிரும்போது ஷர்துல் படத்தையும் போடுங்கள்.