தோட்டத்து வரலாற்றை யார் படிக்கிறார்கள்?

மலேசியாவின் சுங்கைப் பட்டாணி வட்டாரத்தில் தமிழ்ப்பள்ளியோ கோயிலோ ஆண்டு விழா எடுத்தால் மலர் ஒன்று வெளிவரும். வாழ்த்துரைகள், செயலவைப் படங்கள், நன்கொடையாளர் பெயர்கள் என்று பக்கங்கள் நிறையும். நடுவே ‘வரலாறு’ என்று இரண்டு பக்கம் இருக்கும். இன்ன ஆண்டில் தொடங்கினார்கள், இன்ன ஆண்டில் புதுக் கட்டடம் எழுந்தது என்பதோடு அது முடிந்துவிடும். தம் படத்தைத் தேடிப் பார்த்தபின் அந்த மலரை மீண்டும் திறப்பவர் அரிது. அதே வாசகர்கள்தான், ஜப்பானியர் காலத்தில் சயாம் மரண ரயில் பாதை போடத் தோட்டத் தமிழர்கள் பிடித்துச் செல்லப்பட்ட கொடுமையை ஆர். சண்முகம், அ. ரெங்கசாமி ஆகியோரின் நாவல்களில் படித்து மனம் பதைத்தவர்கள். ஆகவே நம் மக்களுக்கு வரலாற்றில் நாட்டமில்லை என்ற புலம்பல் எடுபடாது. எழுதும் முறையில்தான் கோளாறு.

அதே வட்டாரத்துப் பீடோங் ஹார்வர்ட் ரப்பர் தோட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 1946-ல் அங்கே ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை உருவானது; கள்ளுக்கடைகளை எதிர்த்தது; 1947 தொடக்கத்தில் பீடோங்கில் போலீசாருடன் மோதல் மூண்டது. இவ்வளவோடு நிறுத்தினால் தேர்வுக்கு மனப்பாடம் செய்யலாம். அந்தக் காலத் தோட்டத் தொழிலாளியின் ஒரு நாளைப் பின்தொடர்ந்தால் நிலைமை வேறு. விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்பு, பிறகு பால்வெட்டு, மங்கு எனும் கிண்ணங்களில் சேர்ந்த பாலைத் தோள்கழியில் தொங்கும் காண்டா வாளியில் சுமந்து வந்து ஸ்டோரில் நிறுத்துக் கொடுக்க வேண்டும். அலுத்துத் திரும்பும் வழியில் தோட்டத்துக் கள்ளுக்கடை காத்திருக்கும். தோட்டத்தில் வாங்கிய கூலி தோட்டத்திலேயே கரையும். இதைப் படிப்படியாகக் காட்டிவிட்டால், அந்த எதிர்ப்பு குடிக்கு எதிரானது மட்டுமல்ல என்று கட்டுரையாளர் சொல்லவே வேண்டாம், வாசகர் தாமே கண்டுகொள்வார். காட்சி, மனிதர், அடுத்து என்ன என்ற எதிர்பார்ப்பு ஆகிய கதை உத்திகள் அலங்காரத்துக்கு அல்ல. எது எதனால் நடந்தது என்று விளக்கத்தான்.

கதைப்பாங்கு நுழைந்தால் கற்பனையும் நுழைந்துவிடும் என்பார்கள். அச்சம் நியாயமானது. சாமி மனத்துக்குள் என்ன நினைத்தார் என்று ஆதாரமில்லாமல் எழுதினால் அது வரலாறு ஆகாது. ஆனால் அதே 1946-ல், ஹிரோஷிமாவில் உயிர்தப்பிய ஆறு பேரை நேரில் கேட்டு ஜான் ஹெர்சி எழுதிய நீண்ட கட்டுரை, கேட்டறிந்தவற்றை வைத்தே நாவல்போல் நகர்கிறது. உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’ இன்றும் சுவை குன்றாமல் இருப்பதற்கும் அதில் மனிதர்கள் நடமாடுவதே காரணம்.

தோட்டத் தொழிலாளர் எழுதிவைத்த ஆவணங்கள் குறைவு, இருப்பதெல்லாம் அரசாங்க, நிர்வாகக் குறிப்புகள்தானே என்பது அடுத்த தடை. இதற்கும் வழி உண்டு. போலீஸ் தரப்பு இப்படிச் சொல்கிறது, லயத்துப் பெரியவர் அப்படிச் சொல்கிறார் என்று இரண்டையும் அருகருகே வைக்கலாம். அந்த முரணே வாசகரை இழுத்துச் செல்லும். எழுதுபவரும் தம் நேர்மையை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் 1947-ல் பத்து வயதாக இருந்தவர் இன்று தொண்ணூறை எட்டிக்கொண்டிருக்கிறார். மலர்க் குழுக்கள் அத்தகைய பெரியவர்களிடம் இப்போதே போய் உட்கார வேண்டும். ஆவணத்தைப் பிறகும் தேடிக்கொள்ளலாம்.