பூட்டு பிசகினால் திறக்காது, ராக்கெட் பிசகினால்?

திண்டுக்கல்காரர்களுக்குப் பூட்டைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டாச்சே! சாவி நூலளவு பிசகினாலும் திறக்காது. அதே கச்சிதத்தை மணிக்குச் சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்தில் காட்டச் சொன்னால்? அதுதான் 'டாக்கிங்'. சுற்றிக்கொண்டிருக்கும் இரண்டு கலங்கள் மெல்ல நெருங்கி ஒன்றாகப் பூட்டிக்கொள்வது.

இது தெரியாமல் விண்வெளி நிலையம் கட்ட முடியாது. அதற்கான ஒத்திகைதான் இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸ். தலா 220 கிலோ எடையுள்ள இரண்டு செயற்கைக்கோள்கள் 2024 டிசம்பர் 30-ல் கிளம்பின. இணைப்பு 2025 ஜனவரி 7 என்றார்கள், பிறகு 9 என்றார்கள், அதையும் தள்ளி வைத்தார்கள். 12-ந் தேதி 3 மீட்டர் வரை நெருங்கவிட்டுப் பின்வாங்க வைத்தார்கள். ஒருவழியாக 16-ந் தேதி பூட்டிக்கொண்டன. இதைச் சாதித்த நான்காவது நாடு இந்தியா.

இந்தத் தாமதம் கேவலமா? இல்லவே இல்லை. 1997-ல் மிர் நிலையத்தில் இணைப்புச் சோதனையின்போது சரக்குக் கலம் மோதி, நிலையத்தில் ஓட்டை விழுந்து காற்று கசிந்தது. உள்ளே மூன்று பேர்! 2025 ஜூனில் சுபான்ஷு சுக்லா ஏறவேண்டிய பால்கன்-9 ராக்கெட்டில் ஆக்சிஜன் கசிவு தெரிந்ததும் பயணத்தையே தள்ளி வைத்தார்கள். அதுதான் புத்திசாலித்தனம்.

ஆக, தாமதத்தை மன்னிக்கலாம். மௌனத்தை?

2025 மே 18-ல் பி.எஸ்.எல்.வி. சி-61 மூன்றாம் கட்டத்தில் தோற்றது. 2026 ஜனவரி 12-ல் சி-62-க்கும் அதே மூன்றாம் கட்டத்தில்தான் சிக்கல். சி-62 கிளம்பிய அன்றுவரை சி-61 விசாரணை அறிக்கை மக்கள் பார்வைக்கு வரவில்லை. போன வருட நஷ்டத்துக்குக் கணக்குக் காட்டாத கம்பெனியின் பங்கை நீங்கள் வாங்குவீர்களா?

உள்ளுக்குள் ஆராய்ந்திருப்பார்கள், சந்தேகமில்லை. ககன்யானில் மனிதர்களைச் சுமக்கப்போவதும் எல்.வி.எம்.-3 தான், பி.எஸ்.எல்.வி. அல்ல. ஆனால் தவறைத் திறந்து சொல்லும் பழக்கம் எல்லா ராக்கெட்டுக்கும் பொது. 2021-ல் ஜி.எஸ்.எல்.வி. எஃப்-10 தோற்றபோது காரணத்தை இஸ்ரோவே விளக்கி வெளியிட்டது. அன்று முடிந்தது இன்று ஏன் முடியாது?

2035-க்குள் சொந்த விண்வெளி நிலையம் என்பது இலக்கு. அங்கே போகப்போவது நம் வீட்டுப் பிள்ளைகள். வெற்றியன்று கைதட்டும் நமக்குத் தோல்வியன்று காரணம் கேட்கும் உரிமையும் உண்டு. கேளுங்கள் நண்பர்களே!